ஒருமுறை வந்தால் மறுமுறை வராதா?
நுளம்புக் காய்ச்சல்களும் நிர்ப்பீடனமும்: ஒரு விஞ்ஞானப் பாடம்



சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் குளிர்ச்சட்டைகளை மாட்டிக்கொண்டு நின்ற நேரம். எமது மாணவி ஒருத்தியின் தாயார் என்னிடம் வந்து, மார்கழி விடுமுறைக்குக் குடும்பமாக யாழ்ப்பாணம் செல்லவிருப்பதாகக் கூறி, பிள்ளைகள் இருவருக்கும் விடுப்புக் கேட்டார். மழைக்காலமாயிற்றே, நுளம்பு கூடுதலாக இருக்குமே என்று பேச்சுவாக்கில் சொன்னேன்.

"மாஸ்டர், மூத்தவளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. 2017இல் நாங்கள் கொழும்பில் இருந்தபோது அவளுக்கு டெங்கு வந்து மாறிவிட்டது. குழந்தையிலேயே மூளைக்காய்ச்சல் ஊசியும் போட்டது. அதுவும் நுளம்பால் வருகிற வருத்தந்தானே? சின்னவன் இங்கே பிறந்தவன். அவனுக்கு ஒன்றும் வரவுமில்லை, ஒரு ஊசியும் போடவுமில்லை. அவனை நினைத்துத்தான் பயம்" என்றார் அந்தத் தாயார்.

நானும் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரவு படுத்த பின்னர்தான் மனம் உறுத்தியது. ஊரில் பாடசாலையில் பல ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தவன் நான். நிர்ப்பீடனம் என்னும் அலகை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன். எழுந்து, கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தேன். அந்தத் தாயாரின் அச்சம் ஏறத்தாழத் தலைகீழாக இருந்தது என்பதும், நான் தலையாட்டியது பெருந்தவறு என்பதும் விளங்கின. மறுநாட் காலையே தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். அன்று பேசியதன் விரிவே இக்கட்டுரை. நான் மருத்துவன் அல்லன், ஆசிரியன். ஆகவே இதனை ஒரு பாடமாகவே கொள்ளுங்கள். ஊசி, மருந்து பற்றிய முடிவுகளை உங்கள் குடும்ப மருத்துவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'நிர்ப்பீடனம்' வடமொழிவழி வந்த சொல். 'நிர்' இன்மையைக் குறிக்கும். 'பீடனம்' வருத்துதலைக் குறிக்கும். நம் பாட்டிமார் 'பீடை' என்கிறார்களே, அதன் உறவுச் சொல்லே இது. தமிழகத்து நூல்களில் இதனையே 'நோய் எதிர்ப்பாற்றல்' என எழுதுவர். அவ்வாறே நாம் 'நுளம்பு' என்பதனை அவர்கள் 'கொசு' என்பர். திரைப்படம் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்குக் கொசுவே அதிகம் பழக்கம். நான் பலகையில் நுளம்பு என்று எழுதினால், அது வேறொரு பூச்சியோ என்று கேட்கிறார்கள்! இரண்டும் ஒன்றே.

நோய்க்கிருமி உடலுக்குள் நுழைந்ததும், அதன் மேற்பரப்பிலுள்ள உருவத்துக்குப் பொருந்தக்கூடிய ஒருவகைப் புரதத்தை உடல் ஆக்குகின்றது. இதற்குப் 'பிறபொருளெதிரி' என்று பெயர். கிருமி அழிந்த பின்னரும் அந்த உருவத்தின் நினைவு உடலில் எஞ்சியிருக்கும். மீண்டும் அதே கிருமி வந்தால் உடல் உடனே அடையாளங் கண்டு தாக்கும். தடுப்பூசி என்பது, நோயைத் தராமல் அந்த நினைவை மட்டும் தருவதாகும்.

அப்படியானால், ஒரு கிருமியின் நினைவு அதனைப் போன்ற இன்னொரு கிருமியிடமிருந்து காக்குமா? இதுவே அத்தாயாரின் கேள்வி. காக்கும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1796ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தின் எட்வேட் ஜென்னர் என்னும் மருத்துவர், பசுவம்மைக் கொப்புளத்தின் நீரை ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் சிறுவனின் கையிற் கீறி ஏற்றினார். பின்னர் அச்சிறுவனுக்குப் பெரியம்மை தொற்றவில்லை. பசுவம்மையும் பெரியம்மையும் ஒரே குடும்பத்து வைரசுகள். நம் முன்னோர் அம்மனுக்கு நேர்த்தி வைத்து அஞ்சிய அந்த வைசூரி, 1980இல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டதற்கு வித்திட்டது இந்த உறவுமுறைக் காப்பே. இதனால்தான் 'ஒன்றுக்குப் போட்டால் மற்றதற்கும் உதவும்' என்னும் நம்பிக்கை நம்மிடம் வேரூன்றியிருக்கின்றது போலும்.

உறவினர் யார்?

நுளம்பு ஒன்றாக இருந்தாலும், அது கொண்டுவரும் கிருமிகள் எல்லாம் உறவினர் அல்ல. மலேரியாவை உண்டாக்குவது வைரசே அன்று; அது ஓர் ஒட்டுண்ணி. சிக்குன்குனியா ஒரு வைரசுதான். டெங்குவைப் பரப்பும் அதே நுளம்பினாற் பரவுவதுந்தான். எனினும் அது வேறு குடும்பம். உறவு என்பது வைரசுகளுக்கு இடையே பார்க்க வேண்டியது. அவை ஏறிவரும் வாகனத்தை வைத்து அன்று.

நாம் பேசப்போகும் குடும்பத்துக்குப் பிளேவிவைரசு என்று பெயர். இலத்தீன் மொழியில் 'பிளேவஸ்' என்றால் மஞ்சள். ஆபிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் உள்ள மஞ்சட் காய்ச்சல் வைரசே இக்குடும்பத்துக்குப் பெயர் தந்தது. டெங்குவின் நான்கு வகைகள், யப்பானிய மூளைக்காய்ச்சல், மேற்கு நைல், அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் மூளைக்காய்ச்சல், ஸிக்கா ஆகியனவும் இக்குடும்பத்தினவே. இவற்றின் புறவுறைப் புரதம் ஒன்றுக்கொன்று பெரிதும் ஒத்திருக்கும்.

மாணவர்களே, ல, ள, ழ என்னும் மூன்றையும் எண்ணிப் பாருங்கள். நான் 'பள்ளி' என்று சொல்ல நீங்கள் 'பல்லி' என்று எழுதுகிறீர்கள். காது ஏமாறுவது ஒலிகள் நெருங்கியவை என்பதனால். உங்கள் குருதியிலுள்ள பிறபொருளெதிரிகளும் இவ்வாறே ஏமாறும். உடல் மட்டுமன்று, ஆய்வுகூடமும் ஏமாறும். அதற்கு நமக்கு அண்மையிலேயே நடந்த கதை ஒன்று உண்டு.

1999 ஆகஸ்ற் மாத இறுதியில் நியூயோர்க் நகரின் குயீன்ஸ் பகுதி மருத்துவமனையில், காய்ச்சலும் தசைத் தளர்ச்சியும் மனக்குழப்பமுமாக முதியவர்கள் சிலர் ஒருவர் பின் ஒருவராக அனுமதிக்கப்பட்டனர். டெபோரா அஸ்னிஸ் என்னும் மருத்துவர் இதில் ஏதோ புதுமை இருக்கின்றது என ஐயுற்றுச் சுகாதாரத் துறைக்கு அறிவித்தார். குருதியைச் சோதித்தபோது சென்ற் லூயிஸ் மூளைக்காய்ச்சலுக்கான பிறபொருளெதிரிகள் காணப்பட்டன. செப்ரெம்பர் தொடக்கத்தில் அவ்வாறே அறிவிப்பும் வெளியாயிற்று. ஆனால் அதே வேளையில் நகரெங்கும் காகங்கள் செத்து விழுந்துகொண்டிருந்தன. புறொங்ஸ் விலங்கியற் பூங்காவின் நோயியல் மருத்துவர் ட்ரேசி மக்நமாரா, பூங்காவின் பறவைகளும் இறக்கக் கண்டு, சென்ற் லூயிஸ் நோய் பறவைகளைக் கொல்வதில்லையே என்று விடாது வினவினார். அவருடைய விடாப்பிடியான முயற்சியும் சேர்ந்தே உண்மையை வெளிக்கொணர்ந்தது. வந்திருந்தது மேற்கு நைல் வைரசு. 1937இல் உகண்டாவில் முதன்முதல் அறியப்பட்ட அந்த வைரசு, அதற்கு முன்னர் அமெரிக்கக் கண்டத்தில் கால் வைத்ததில்லை. சோதனை பொய் சொல்லவில்லை. 'ழ'வைக் கேட்டு 'ள' என்று எழுதிவிட்டது. அவ்வாண்டு நியூயோர்க்கில் 62 பேர் நோயுற்றனர், எழுவர் இறந்தனர்.

2001இல் ஒன்ராறியோவில் இறந்த பறவைகளில் அவ்வைரசு காணப்பட்டது. 2002இல் இம்மாகாணத்தில் மனிதருக்கும் தொற்றியது. அன்று முதல் ஒவ்வொரு கோடையிலும் ரொறன்ரோ வீதியோர வடிகாற் குழிகளில் நுளம்புக் குடம்பிகளைக் கொல்லும் மருந்து இடப்படுகின்றது. தொற்றியவருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே காய்ச்சல் வரும். மூளை வரை செல்வது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆயினும் அந்தச் சிலருள் முதியோரே மிகுதி. மாலையில் பின்வளவுத் தோட்டத்தில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கும் நம் தாத்தா பாட்டிமாரே இங்கு கவனிக்கப்பட வேண்டியவர்கள். மேற்கு நைலுக்குக் குதிரைகளுக்குத் தடுப்பூசி உண்டு. மனிதருக்கு இன்றுவரை இல்லை.

ஊரில் போட்ட ஊசி இங்கு காக்குமா?

இங்கேதான் ஊரிற் போட்ட ஊசி நினைவுக்கு வருகின்றது. மேற்கு நைலுக்கு மிக நெருங்கிய உறவு, யப்பானிய மூளைக்காய்ச்சல் வைரசு. பெயரிலே யப்பான் இருந்தாலும் அது நமக்கு அந்நியமானதன்று. இந்தியாவில் அந்நோய் முதன்முதல் இனங்காணப்பட்டது தமிழ்நாட்டில். 1955இல் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்த நோயாளரிடத்திலேயே அது கண்டறியப்பட்டது. நெல்வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பும், கொக்கு நாரை போன்ற நீர்ப்பறவைகளும், பன்றிகளும் சேர்ந்த இடத்தில் அது செழிக்கும். இலங்கையில் 1985ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி, அனுராதபுரப் பகுதியில் பெரும் பரவல் ஏற்பட்டது. 1988இல் அபாயமான மாவட்டங்களில் தடுப்பூசி தொடங்கப்பட்டது. 2009 முதல், சீனாவில் ஆக்கப்பட்ட, வலுக்குறைக்கப்பட்ட உயிர் வைரசுத் தடுப்பூசி பயன்பாட்டுக்கு வந்து, பின்னர் நாடு முழுவதிலும் குழந்தைகளுக்குப் போடப்பட்டது. அம்மாணவி பெற்றதும் அதுவே. நோயும் வெகுவாகக் குறைந்தது. நம் நாட்டிற் பாராட்ட வேண்டியவற்றைப் பாராட்டத்தான் வேண்டும்.

மேற்கு நைல் அமெரிக்காவில் பரவியதும் ஆராய்ச்சியாளர் இந்த உறவை நாடினர். 2002இல் வெளிவந்த ஆய்வொன்றில், யப்பானிய மூளைக்காய்ச்சல் உயிர்த்தடுப்பூசி வைரசு, மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசி வைரசு, சென்ற் லூயிஸ் வைரசு ஆகியவற்றுள் ஒன்று ஏற்றப்பட்ட ஹம்ஸ்ரர் எலிகளுக்குப் பின்னர் மேற்கு நைல் வைரசு செலுத்தப்பட்டது. எதுவும் ஏற்றப்படாத எலிகளோடு ஒப்பிட, இவை பெரும்பாலும் தப்பிப் பிழைத்தன. நல்ல செய்தி. ஆனால் அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வில், யப்பானிய மூளைக்காய்ச்சல் அல்லது டெங்குத் தடுப்பூசி பெற்ற மனிதரின் குருதியை எடுத்து, அது மேற்கு நைல் வைரசைச் செயலிழக்கச் செய்கின்றதா எனப் பார்த்தனர். செய்யவில்லை. எலிக்குக் கிடைத்தது மனிதருக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது போயிற்று.

இத்தகைய ஏமாற்றம் இந்தியாவிலும் ஒருமுறை நிகழ்ந்துள்ளது. 1957இல் மைசூர் மாநிலத்துச் சிவமொக்காக் காட்டுப்பகுதியில், குரங்குகள் மடிய, பின்னர் மனிதரும் காய்ச்சலுற்று மாண்டனர். கியாசனூர்க் காட்டு நோய் எனப் பெயர் பெற்ற அது, நுளம்பால் அன்றி உண்ணியாற் பரவுவது. ஆனாலும் இதே குடும்பத்து வைரசு. அதன் நெருங்கிய உறவான ருசிய நாட்டு மூளைக்காய்ச்சலுக்கு ஏற்கெனவே தடுப்பூசி இருந்தது. அதனையே அங்குள்ள மக்களுக்குப் போட்டுப் பார்த்தனர். பலன் கிட்டவில்லை. பின்னர் அந்நோய்க்கென்றே தனித் தடுப்பூசி ஆக்க வேண்டியதாயிற்று.

ஆக, உறவு இருந்தும் உதவாத காப்பு உண்டு. அது பரவாயில்லை, உதவாவிட்டால் இழப்பு ஒன்றுமில்லை. உறவே ஊறு செய்யும் இடமும் ஒன்று உண்டு. அதுவே டெங்கு.

நான்கு உடன்பிறப்புகள்

டெங்கு என்று ஒரே பெயராற் குறிப்பிட்டாலும், அது நான்கு வைரசுகள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என எண்ணிட்டு அழைப்பர். ஒருவருக்கு ஒருவகை வந்து மாறினால், அந்த வகை அவருக்கு வாழ்நாளில் மீண்டும் வராது எனலாம். மற்ற மூன்றும்? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ஆய்வாளர் அல்பேட் சேபின் (பின்னர் வாய்வழிப் போலியோ மருந்தை உருவாக்கியவர் இவரே) இதனை மனிதரில் ஆராய்ந்தார். ஒருவகை டெங்கு வந்து ஓரிரு மாதங்களுக்குள் வேறுவகை ஏற்றப்பட்டவர்களுக்கு நோய் வரவில்லை. மாதங்கள் செல்லச் செல்ல அந்தக் காப்பு தேய்ந்து போயிற்று. அத்தாயார் கேட்ட 'மறுமுறை வராதுதானே' என்பதற்கு விடை இதிலேயே இருக்கின்றது: சில மாதங்களுக்கு வராது, அதன்பின் வரும்.

வருவது மட்டுமாயின் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. 1960களில் தாய்லாந்தின் பாங்கொக்கில் பணிபுரிந்த ஸ்கொட் ஹோல்ஸ்ரெட் என்னும் மருத்துவர், டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சலால் மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளை நோக்கினார். பெரும்பாலோர் இரண்டு வகையினர். ஒருவகையினர், முன்னர் ஒருமுறை டெங்கு வந்த பிள்ளைகள். மற்றையோர், தாம் ஒருமுறையும் நோயுறாத கைக்குழந்தைகள். ஆனால் தாயிடமிருந்து பிறபொருளெதிரிகளைப் பெற்றவர்கள். இரு சாராருக்கும் பொதுவாக இருந்தது, குருதியில் முன்னரே இருந்த பிறபொருளெதிரி! காவலன் இருந்த வீட்டிலேதான் களவு பெரிதாக நடந்திருந்தது.

இதனைக் கியூபாத் தீவு இன்னும் தெளிவாகக் காட்டியது. அங்கு 1977இல் முதலாம் வகை டெங்கு பரவியது. பெரும்பாலும் இலேசான காய்ச்சல். நான்கு ஆண்டுகளின் பின் 1981இல் இரண்டாம் வகை வந்தது. 344,000 பேருக்கு மேல் நோயுற்று 158 பேர் இறந்தனர். அவர்களுள் 101 பேர் குழந்தைகள். கடும் நோயுற்றவர்களுள் மிகப் பெரும்பாலோர், முன்னர் முதலாம் வகை தொற்றியவர்கள்.

இது எவ்வாறு நிகழ்கின்றது? மாணவர்கள் இவ்விடத்தைச் சற்று நிதானமாகப் படியுங்கள். பிறபொருளெதிரி ஒன்றின் வடிவம் ஆங்கில 'வை' எழுத்தைப் போன்றது. மேலேயுள்ள இரண்டு கைகளும் கிருமியைப் பிடிக்கும். கீழேயுள்ள காம்பு, நம் உடலின் விழுங்கும் கலங்களுக்கு ஒரு கைப்பிடி. இவை ஒருவகை வெண்குருதிக் கலங்கள். காம்பைப் பற்றி, கிருமியோடு சேர்த்து உள்ளே இழுத்து அழிப்பது அவற்றின் தொழில். சரியாகப் பொருந்திய பிறபொருளெதிரி, வைரசை முழுவதும் மூடிச் செயலற்றதாக்கிய பின்னரே ஒப்படைக்கும். முதலாம் வகைக்கென ஆக்கப்பட்டதோ, இரண்டாம் வகையை அரைகுறையாகவே பிடிக்கும். பிடித்திருக்கின்றது, கட்டவில்லை. கலம் வழமைபோலக் காம்பைப் பற்றி உள்ளே இழுத்துக்கொள்கின்றது. டெங்கு வைரசு வாழ்ந்து பெருகுவதற்கு விரும்பும் இடமே அந்தக் கலந்தான்! வாசலிற் பிடித்த கள்வனைக் கை கட்டாமல் களஞ்சிய அறைக்குள் கொண்டுபோய் விட்டதற்கு ஒப்பாகும் இது. வைரசு பல்கிப் பெருக, உடலின் எதிர்த்தாக்கமும் மிஞ்சிப்போய், குருதிக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, நாடி தளர்கின்றது.

பிறபொருளெதிரியின் அளவும் முக்கியம். நிக்கராகுவா நாட்டுப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, அளவு மிகக் கூடுதலாக இருந்தவர்கள் காக்கப்பட்டனர். சற்றும் இல்லாதவர்களுக்கும் கடும் நோய் அரிது. இடைநடுவில் இருந்தவர்களே கடும் நோய்க்கு ஆளாகினர். கைக்குழந்தைகளின் மர்மமும் இதனால் விளங்குகின்றது. தாய் தந்த பிறபொருளெதிரி பிறந்தபோது மிகுதியாக இருந்து காக்கின்றது. ஆறு மாதமளவில் குறைந்து அந்த இடைநடு அளவை அடையும்போது ஆபத்து. ஊரில் டெங்கு வந்த தாய்மார், இங்கு பெற்ற கைக்குழந்தையை ஊர்க்கோயில் திருவிழாவுக்குக் கொண்டு செல்ல எண்ணினால் இதனை மறவாதிருக்க வேண்டும்.

பிலிப்பைன்சில் நிகழ்ந்தது

தடுப்பூசி ஆக்குவோருக்கு இது எத்துணைப் பெரிய சிக்கல் என்பதை இப்போது உணர்வீர்கள். ஒருவகைக்கு மட்டும் ஊசி போட்டால், அது மற்ற மூன்றுக்கும் கதவைத் திறந்துவிடலாம். ஆகவே நான்குக்கும் ஒருங்கே காப்பளிக்கும் ஊசி வேண்டும். முதலில் வந்த டெங்வக்சியா என்னும் தடுப்பூசி அத்தகையதே. 1937இல் மக்ஸ் தைலர் ஆக்கிய (அதற்காக 1951இல் நோபல் பரிசும் பெற்ற) மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசி வைரசை எடுத்து, அதன் புறவுறையை மட்டும் நீக்கி, நான்கு டெங்கு வைரசுகளின் உறைகளை ஒவ்வொன்றாகப் போர்த்தி நான்கு வைரசுகளாக்கினர். அறிவுக்கு விருந்தான வேலை.

2016 ஏப்ரலில் பிலிப்பைன்சில் ஒன்பது வயதளவிலான பாடசாலைப் பிள்ளைகளுக்கு அது போடத் தொடங்கப்பட்டது. 800,000 பிள்ளைகளுக்கு மேல் பெற்றனர். 2017 நவம்பர் இறுதியில் தயாரித்த நிறுவனமே புதிய பகுப்பாய்வொன்றை வெளியிட்டது: முன்னர் டெங்கு வந்தவர்களை ஊசி காக்கின்றது, ஒருமுறையும் வராதவர்களுக்கோ, பின்னர் டெங்கு தொற்றினால் கடும் நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றது. ஏன்? நோயே வராத பிள்ளைக்கு அந்த ஊசி 'முதலாவது டெங்கு'வின் இடத்தைப் பிடித்துவிட்டது. பின்னர் வரும் உண்மையான முதலாவது தொற்று, உடலுக்கு இரண்டாவதாகிவிட்டது. திட்டம் உடனே நிறுத்தப்பட்டது. தொடர்ந்து எழுந்த சினத்திலும் அச்சத்திலும் பெற்றோர் மற்றைய தடுப்பூசிகளையும் ஐயுறத் தொடங்கினர். 2019இல் அந்நாட்டில் சின்னமுத்துப் பரவிப் பல குழந்தைகள் இறந்தனர். என் எண்ணத்தில், டெங்கு ஊசியாலான தீங்கைவிட, நம்பிக்கை குலைந்ததாலான தீங்கு பெரிது. சின்னமுத்து ஊசிக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. சின்னமுத்து வைரசுக்கு நான்கு உடன்பிறப்புகள் இல்லை. இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரேனும் பிள்ளையின் ஊசியைத் தள்ளிப்போட்டால் அது நான் எழுதியதற்கு நேர்மாறான பொருள் கொண்டதாகும்.

இன்று உலக சுகாதார நிறுவனம், கியூடெங்கா என்னும் வேறொரு டெங்குத் தடுப்பூசியை, நோய் மிகுதியாக உள்ள இடங்களில் வாழும் 6 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்கின்றது. விடுமுறைக்குப் போய் வருபவர் நிலை வேறு. அதனைப் பயண மருத்துவரே சொல்ல வேண்டும்.

அந்த ஊசி டெங்குவைக் கூட்டுமா?

இவ்வளவும் கேட்ட பின் அத்தாயார் தொலைபேசியில் என்னிடம் கேட்டது நியாயமான கேள்வி: "அப்படியென்றால் மாஸ்டர், குழந்தையில் போட்ட மூளைக்காய்ச்சல் ஊசியும் அவளுக்குக் கூடாததா?" அல்ல. தாய்லாந்தில் 65,000 பிள்ளைகளில் நடத்தி 1988இல் வெளியிட்ட பேராய்வு ஒன்று உண்டு. மூளைக்காய்ச்சலைத் தடுப்பதில் அந்த ஊசி நூற்றுக்கு 91 பங்கு வெற்றி பெற்றது. ஆய்வாளர் கூடவே டெங்குவையும் கவனித்தனர். ஊசி பெற்றவர்களிடையே டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சல் கூடவில்லை. சற்றுக் குறைந்தே காணப்பட்டது, ஆனால் அந்தக் குறைவு உறுதியாகச் சொல்லத்தக்கதாக இல்லை. வந்த நோயின் கடுமை குறைந்திருந்தது. 2011இல் அதே நாட்டிலிருந்து வெளிவந்த இன்னோர் ஆய்வோ, மூளைக்காய்ச்சலுக்கான பிறபொருளெதிரி உடையவர்களுக்கு டெங்கு தொற்றினால், அது அறிகுறியின்றிப் போகாமல் காய்ச்சலாக வெளிப்படுவது கூடுதல் என்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஊசியை டெங்குவுக்குக் காப்பென்று நம்பவும் கூடாது, டெங்குவுக்காக அதனை அஞ்சவும் கூடாது. மூளைக்காய்ச்சலுக்கு அது காப்பு. அதற்காகவே அது போடப்படுகின்றது.

ஸிக்கா வந்தபோது இவ்வுறவின் விநோதம் இன்னும் துலங்கியது. பிரேசிலின் சல்வடோர் நகரில், முன்னர் டெங்கு வந்து பிறபொருளெதிரி மிகுந்திருந்தவர்களுக்கு ஸிக்கா தொற்றுவது குறைவு என 2019இல் அறியப்பட்டது. நிக்கராகுவாவிலோ, முன்னர் ஸிக்கா வந்தவர்களுக்குப் பின்னர் டெங்கு கடுமையாகும் வாய்ப்புக் கூடுதல் என 2020இல் அறியப்பட்டது. அண்ணன் தம்பிக்கு உதவுகிறான். தம்பி அண்ணனைக் காட்டிக்கொடுக்கிறான்.

இனி அந்த இரு பிள்ளைகளையும் பார்ப்போம். இளையவன் உடலில் டெங்குவின் நினைவு எதுவும் இல்லை. அவனுக்குத் தொற்றினால் அது முதலாவது தொற்று. வருந்துவான், ஆனால் பெரும்பாலும் மாறிவிடும். மூத்தவளுக்கோ அது இரண்டாவது. 2017இல் இலங்கையில் 186,000க்கும் அதிகமானோரைப் பீடித்த அப்பரவலில் மேலோங்கி நின்றது இரண்டாம் வகை. அதுவே அவளுக்கும் வந்ததெனக் கொண்டாலும், மற்ற மூன்றும் அவளுக்கு எஞ்சியுள்ளன. இரண்டாம் முறை வந்தவர்களுள்ளும் பெரும்பாலோர் நலமடைகின்றனர். ஆகவே பயணத்தை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. கவனம் யார்மேல் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதையே மாற்றிச் சொன்னேன்.

டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு பகலிற் கடிப்பது. காலையிலும் பின்னேரத்திலும் மும்முரம். இரவு வலைக்குள் படுத்தால் போதும் என்பது மலேரியாக் காலத்துப் பழக்கம். பூச்சாடித் தட்டிலும், கிணற்றடி வாளியிலும், முற்றத்துச் சிரட்டையிலும் தேங்கும் தெளிந்த நீரே அதற்குப் போதும். பகலில் நீண்ட கைச்சட்டையும் நுளம்பு விரட்டும் பூச்சும் வேண்டும். திரும்பி வந்து இரு கிழமைகளுக்குள் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் 'இலங்கை சென்று வந்தோம்' என்பதையே முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். வலிக்கு ரைலனோல் மட்டும், அதுவும் சொன்ன அளவில். அஸ்பிரின், இபுபுறூபன் ஆகியன குருதிப்பெருக்கைக் கூட்டக்கூடும், கொடுக்கலாகாது. காய்ச்சல் இறங்கும் நாளில் 'மாறிவிட்டது' என்று மகிழ்ந்து தூங்கிவிடக் கூடாது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசிற் குருதி, அளவிறந்த சோர்வு ஆகியன தலைகாட்டுவது அந்த நாளிலேதான். கண்டால் உடனே மருத்துவமனை.

அவர்கள் போய், தைப்பொங்கலுக்குப் பின் நலமாகத் திரும்பி வந்தார்கள். நுளம்பு கடிக்காமல் இருந்திருக்காது. போவதற்கு முன்னர் அம்மாணவிக்கு நான் ஒரு வீட்டுவேலை கொடுத்திருந்தேன்: ஒரு தாளில், தமிழில் ஒரு பக்கமும் ஆங்கிலத்தில் மறுபக்கமுமாக, தனக்கு டெங்கு வந்த ஆண்டையும் இடத்தையும், குழந்தையில் போட்ட மூளைக்காய்ச்சல் ஊசியையும், ஊரிலிருந்து கொண்டுவந்த தடுப்பூசி அட்டையைப் பார்த்து எழுதிவர வேண்டும். எழுதினாள். 'மூளை' என்பதில் 'ழை' போட்டிருந்தாள், திருத்தினேன். அத்தாளைத் தாயார் குடும்ப மருத்துவரிடம் காட்ட, அவர் அதனைப் படியெடுத்து அவளது கோவையிற் சேர்த்துக்கொண்டாராம். வரும் ஆவணியில் இந்த ரொறன்ரோவிலேயே அவளுக்குக் காய்ச்சல் வந்து, குருதிச் சோதனை 'மேற்கு நைல்' என்று காட்டினால், அது உண்மையில் மேற்கு நைல்தானா, அல்லது எட்டு ஆண்டுகளுக்கு முந்திய கொழும்பு டெங்குவின் நினைவா என்று பிரித்தறிய அந்தத் தாள் அவருக்கு வேண்டியிருக்கும்.